பத்ரீசியுஸ் கட்டிய பள்ளிக் கட்டணம்



ஆகஸ்டு 27 புனித மோனிக்காவின் நினைவு நாள். மறுநாள் 28 அவருடைய மகன் புனித அகுஸ்தினாரின் நினைவு நாள். ஆண்டுதோறும் இந்த இரண்டு நாட்களிலும் குருக்களாகிய நாம் மறையுரையில் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: தாயின் கண்ணீர், மகனின் மனமாற்றம். அது உண்மை, சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கண்ணீருக்கு முன்னால் அந்த வீட்டில் பல ஆண்டுகள் வேறொரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பையனை எங்கே சேர்ப்பது, பணத்துக்கு என்ன செய்வது, படித்து முடித்து அவன் என்னவாக ஆவான் என்ற பேச்சு. ஜூன் மாதம் நம் பங்கில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் காதில் விழும் அதே பேச்சு. இன்று அந்த வீட்டின் பள்ளிக்கூடக் கதையை மட்டும் தனியாக எடுத்துப் பார்ப்போம்.

இந்தக் கதை நமக்குத் தெரிய வந்தது அகுஸ்தினாரின் பேனாவால்தான். ஏறத்தாழ 397ஆம் ஆண்டு அவர் ஹிப்போ நகரின் ஆயராக இருந்தபோது, நாற்பது வயதைத் தாண்டிய நிலையில், தம் வாழ்க்கையை இறைவனிடமே சொல்லும் வடிவில் ஒரு நூலை எழுதத் தொடங்கினார். மொத்தம் 13 பகுதிகள். அதில் முதல் இரண்டு பகுதிகளில் பெரும்பங்கு அவருடைய பள்ளி நாட்களுக்கே போகிறது. ஓர் ஆயர், அதுவும் பெரும் இறையியலாளர், தம் வாத்தியாரின் பிரம்பைப் பற்றியும் வாய்ப்பாட்டைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதுகிறார் என்றால், நாற்பது வயதிலும் அது உள்ளே ஆறாமல் இருந்திருக்கிறது என்று பொருள்.

அவர் பிறந்தது 354ஆம் ஆண்டு நவம்பர் 13 அன்று, தகாஸ்தே என்னும் சிற்றூரில். இன்று அல்ஜீரியா நாட்டில் சூக் அஹ்ராஸ் என்ற பெயரில் இருக்கிறது அந்த ஊர். தந்தை பத்ரீசியுஸ் கொஞ்சம் நிலபுலம் உள்ளவர். ஊர் மன்றத்தில் உறுப்பினர். மன்ற உறுப்பினர் என்றதும் நம் ஊர் கவுன்சிலரை நினைத்துக்கொள்ள வேண்டாம். உரோமைப் பேரரசின் கடைசிக் காலத்தில் அது ஒரு கௌரவமான கழுத்துச் சுருக்கு. பேரரசுக்கு ஊரிலிருந்து போக வேண்டிய வரியைத் திரட்டித் தர வேண்டிய பொறுப்பு அவர்களுடையது. வசூல் குறைந்தால் தங்கள் சொத்திலிருந்து ஈடுகட்ட வேண்டும். அப்பனுக்குப் பிறகு மகனுக்கும் அந்தப் பாரம் இறங்கும். அதிலிருந்து தப்பிக்க இருந்த சில வழிகளில் ஒன்று படிப்பு. இலத்தீனில் பேச்சுக்கலை கற்றுத் தேர்ந்த ஒருவன் வழக்கறிஞராகலாம், அரசு அலுவலராகலாம், பெரிய நகரங்களில் பேராசிரியராகலாம். எனவே பத்ரீசியுசின் ஆசையைப் பேராசை என்று தள்ளிவிட முடியாது. வரி கட்டியே தேய்ந்த ஒரு சின்ன நிலக்காரர் தம் மகனாவது இதிலிருந்து வெளியே போகட்டும் என்று நினைத்தார். விவசாயம் நம்மோடு போகட்டும், கடல் தொழில் நம்மோடு போகட்டும் என்று சொல்லும் எத்தனை தந்தையரை நாம் பார்க்கிறோம்!

எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்த யோகம் கிடைத்ததாகவும் தெரியவில்லை. அகுஸ்தினாருக்கு நவீஜியுஸ் என்று ஒரு சகோதரர் இருந்தார். ஒரு சகோதரியும் இருந்தார். பின்னாளில் பெண் துறவியர் இல்லம் ஒன்றுக்குத் தலைவியாகவே ஆனவர் அவர். ஆனால் இத்தனை எழுதிய அண்ணனோ தம்பியோ அந்தச் சகோதரியின் பெயரை ஓரிடத்திலும் எழுதி வைக்கவில்லை. அவர் படித்தாரா என்று கேட்கவே அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது தொடக்கப் பள்ளிக்கு வருவோம். தகாஸ்தேயில் படிக்கவும் எழுதவும் கணக்குப் போடவும் கற்றுக்கொடுத்தார்கள். ஒன்றும் ஒன்றும் இரண்டு, இரண்டும் இரண்டும் நான்கு என்று ராகம் போட்டுச் சொல்ல வேண்டும். அந்த ராகத்தை அகுஸ்தினார் வெறுத்தார். வெர்ஜில் எழுதிய காவியத்தில் தீதோ என்னும் அரசி உயிர்விடும் கதையை வாசித்து அழுதார். கிரேக்கப் பாடம் அவருக்குக் கசப்பு. காரணத்தையும் அவரே ஆராய்கிறார். இலத்தீன் அவருக்கு வந்தது வீட்டில், செவிலித்தாய்மாரின் கொஞ்சலிலும் சுற்றி இருந்தவர்களின் சிரிப்பிலும் விளையாட்டிலும். யாரும் மிரட்டவில்லை. மனத்தில் தோன்றியதைச் சொல்லிவிட வேண்டும் என்ற தவிப்பே அவருக்கு மொழியைக் கற்பித்தது. கிரேக்கம் வந்ததோ பிரம்போடு. மொழி கற்பதற்கு அச்சத்தைவிடத் தன்னார்வமே வலுவானது என்று 1,600 ஆண்டுகளுக்கு முன்னரே அவர் எழுதி வைத்துவிட்டார். இன்றைய கல்வியியல் நூல்கள் இதைப் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் பேசுகின்றன, போகட்டும்.

பிரம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிறுவன் அகுஸ்தின் முதன்முதலில் இறைவனிடம் வேண்டியது என்ன தெரியுமா? பள்ளிக்கூடத்தில் அடி விழக் கூடாது என்று. சின்ன வயதில், ஆனால் சின்னதல்லாத உருக்கத்தோடு வேண்டியதாக அவரே சொல்கிறார். அந்த வேண்டுதல் கேட்கப்படவில்லை. அடிபட்டு, தழும்போடு வீட்டுக்கு வந்தபோது பெரியவர்கள் சிரித்தார்கள். பெற்றோரும் சிரித்தார்கள். தமக்கு எந்தக் கேடும் நேரக் கூடாது என்று விரும்பிய பெற்றோர்கூடச் சிரித்தார்கள் என்று அழுத்திச் சொல்கிறார். சித்திரவதைக் கருவிகளைக் கண்டு மனிதர் நடுங்குவதுபோல் நாங்கள் அந்தப் பிரம்பைக் கண்டு நடுங்கினோம், அதை இவர்கள் வேடிக்கையாக எடுத்துக்கொண்டார்களே என்பது அவருடைய கேள்வி. பின்னாளில், முதிர்ந்த வயதில் எழுதிய வேறொரு பெருநூலிலும் அவர் கேட்கிறார்: மீண்டும் குழந்தைப் பருவத்துக்குப் போகிறாயா, சாகிறாயா என்று கேட்டால், சாவைத் தேர்ந்துகொள்ளாதவர் யார்?

"கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்." நம் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்ட வசனம் இது. சொன்ன தந்தையர் கொடியவர்கள் அல்லர். படிப்பின் மதிப்பை அறிந்தவர்கள், ஆசிரியரை நம்பியவர்கள். பத்ரீசியுசும் மோனிக்காவும் அப்படித்தான் சிரித்திருப்பார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடை செய்துவிட்டது. பிரம்பு பெருமளவு குறைந்துவிட்டது, மகிழ்ச்சி. ஆனால் பிள்ளை ஒரு பயத்தைச் சொல்லும்போது சிரிக்கும் பழக்கம் எந்தச் சட்டத்தாலும் போகவில்லை. "இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்ற ஒரே சொல்லில் பிள்ளையின் வாய் அடைபடுகிறது. அடுத்த முறை அது நம்மிடம் சொல்வதில்லை. அகுஸ்தினார் சொல்ல நாற்பது வயது வரை காத்திருந்தார், சொல்லியதும் பெற்றோரிடம் அல்ல. அவர்கள் இருவரும் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள்.

தொடக்கக் கல்வி முடிந்ததும் அடுத்த ஊரான மதவுராவுக்கு அனுப்பினார்கள். இலக்கியமும் பேச்சுக்கலையும் படிக்கத் தங்கிப் படிக்கும் ஏற்பாடு. நன்றாகப் படித்தார். அதற்கு மேல் படிக்கக் கார்த்தேஜ் போக வேண்டும். இன்றைய தூனிஸ் நகரை ஒட்டி இருந்த கடலோரப் பெருநகரம் அது. செலவு அதிகம். பத்ரீசியுசிடம் பணம் இல்லை. என்ன செய்தார்? மகனை மதவுராவிலிருந்து வீட்டுக்கு அழைத்துக்கொண்டு, பணம் சேர்க்கத் தொடங்கினார். மகனுக்கு அப்போது பதினாறு வயது. ஏறத்தாழ ஓர் ஆண்டு சும்மா வீட்டில் இருந்தார்.

ஊரே பத்ரீசியுசைப் பாராட்டியதாம். தம் சக்திக்கு மீறி மகனைப் படிக்க வைக்கிறாரே, இவரைவிடப் பணக்காரர்கள்கூடத் தம் பிள்ளைகளுக்கு இவ்வளவு செய்வதில்லையே என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பாராட்டை எழுதிவிட்டு அகுஸ்தினார் தொடர்ந்து எழுதுவதுதான் நமக்கு வலிக்கிறது. நான் நாவன்மை உள்ளவனாக வளர்கிறேனா என்று பார்த்த அதே தந்தை, நான் எப்படிப்பட்டவனாக வளர்கிறேன் என்று பார்க்கவே இல்லை என்கிறார். இலத்தீனில் நாவன்மை உள்ளவன் என்பதற்கும் தரிசாக விடப்பட்டவன் என்பதற்கும் ஒரே ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். அதை வைத்து அவர் ஒரு சிலேடையே செய்கிறார்: நாவன்மை இருந்தால் போதும், உள்ளம் தரிசாகக் கிடந்தால் என்ன என்று இருந்தார் என் தந்தை.

அந்த ஓராண்டில் நடந்ததுதான் நாம் மறைக்கல்வி வகுப்பில் சொல்லும் பேரிக்காய்த் திருட்டு. இரவு நெடுநேரம் தெருவில் விளையாடிவிட்டு, கூட்டாளிகளோடு போய்ப் பக்கத்துத் தோட்டத்து மரத்தை உலுக்கி, காய்களை அள்ளி வந்து, பெரும்பாலும் பன்றிகளுக்குப் போட்டார்கள். பசியில்லை, அந்தக் காய் சுவையானதும் இல்லை. செய்யக் கூடாதது என்பதே அதில் இருந்த இன்பம். பாவத்தின் இயல்பைப் பற்றி இறையியலாளர்கள் இந்த நிகழ்ச்சியை வைத்து நிறைய எழுதியிருக்கிறார்கள். குருமடத்தில் நாமும் படித்தோம். ஆனால் எந்தப் பாடப்புத்தகமும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது: அந்த நேரத்தில் அப்பா எங்கே இருந்தார்? பணத்துக்கு அலைந்துகொண்டிருந்தார். மகனின் எதிர்காலத்துக்காகத்தான் அலைந்தார். மகன் இரவு எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறான், யாரோடு திரும்புகிறான் என்பது அந்த அலைச்சலில் காணாமல் போயிற்று.

தாய் கவனிக்கவில்லையா என்றால், கவனித்தார். பொது நீராட்டு அறையில் மகன் வளர்ந்துவிட்டதைக் கண்ட தந்தை, இனி பேரப்பிள்ளைகளைப் பார்க்கலாம் என்று மகிழ்ச்சியோடு வந்து மனைவியிடம் சொன்னார். மோனிக்கா நடுங்கினார். மகனைத் தனியே அழைத்து எச்சரித்தார், ஒழுக்கத்தைக் கைவிடாதே, முக்கியமாகப் பிறர் மனைவியை நாடாதே என்று. பதினாறு வயதுப் பையனுக்கு அது பொம்பளைப் பேச்சாகத் தோன்றியது. அந்தச் சொற்கள் உம்மிடமிருந்து வந்தவை, எனக்கு அப்போது தெரியவில்லை என்று பிறகு இறைவனிடம் சொல்கிறார்.

ஆனால் மோனிக்காவையும் அவர் முழுதாக விட்டுவிடவில்லை. இவனுக்கு ஒரு திருமணத்தைச் செய்து வைத்து நிலைப்படுத்தலாம் என்ற எண்ணம் தாய்க்கு எழாமல் போனதற்குக் காரணம், மனைவி வந்தால் படிப்பு கெட்டுவிடுமோ என்ற பயம். மகனின் படிப்பு விஷயத்தில் பெற்றோர் இருவருமே அளவுக்கு மீறி ஆசைப்பட்டார்கள் என்கிறார். தந்தை இறைவனைப் பற்றி அதிகம் நினைக்காதவர் என்பதால். தாய், இந்தப் படிப்பே ஒருநாள் அவனை இறைவனிடம் கொண்டு சேர்க்கும் என்று நம்பியதால். இந்த இடத்தில் அகுஸ்தினார் ஒரு தராசைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், தாய்க்குச் சற்றே சாய்வாக.

நமக்கு ஓர் எண்ணம் உண்டு. மகன் தந்தையிடம் கொஞ்சம் கடுமையாகவே நடந்துகொள்கிறார். பத்ரீசியுஸ் கோபக்காரர், மனைவிக்கு உண்மையாக நடக்காதவர், நெடுநாள் கிறிஸ்தவரல்லாதவர். எல்லாம் சரி. ஆனாலும் கடனோ உடனோ, அந்தப் பணத்தைத் திரட்டியவர் அவர். வாழ்வின் இறுதியில் திருமுழுக்கும் பெற்றார். மகன் கார்த்தேஜில் சேர்ந்த சிறிது காலத்தில் இறந்துபோனார். தாயின் இறப்பைப் பற்றிப் பல பக்கங்கள் எழுதிய அகுஸ்தினார், தந்தையின் இறப்பை எப்படிக் குறிப்பிடுகிறார் தெரியுமா? தத்துவ மேதை சிசரோவின் நூல் ஒன்றைத் தாம் பத்தொன்பதாம் வயதில் படித்த கதையைச் சொல்லும்போது, நடுவில், அப்போது என் தந்தை இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன, தாய்தான் செலவுக்குத் தந்துகொண்டிருந்தார் என்று ஒரு துணை வாக்கியத்தில் சொல்லிக் கடந்து போகிறார். வாழ்நாள் சேமிப்பைக் கட்டணமாகக் கட்டிய தந்தைக்கு அரை வரி.

வளைகுடா நாட்டில் வேலை செய்து பணம் அனுப்பும் தந்தையர் நம் பங்கில் பல பேர். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மாத விடுப்பில் வருவார்கள். கட்டணம் கட்டிய ரசீதெல்லாம் ஒழுங்காக இருக்கும். அவர்களைக் குறைசொல்ல நமக்கு வாய் வராது. அவர்களில் சிலர் தினமும் இரவு கைப்பேசியில் மகளை அழைத்து, இன்று வகுப்பில் என்ன நடந்தது என்று அரை மணி நேரம் கேட்கிறார்கள். உள்ளூரிலேயே இருந்துகொண்டு மகன் எந்தப் பிரிவில் படிக்கிறான் என்று தெரியாத தந்தையரும் இருக்கிறார்கள். தூரம் கிலோமீட்டரில் இல்லை போலும்.

தந்தை இறந்தபின் படிப்பு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. மோனிக்கா தம் கையிலிருந்ததைக் கொடுத்தார். போதாததற்கு ஊர்க்காரர் ஒருவர் வந்தார். அவர் பெயர் ரோமானியானுஸ், தகாஸ்தேயின் பெரும் செல்வர். ஏழைப் பையனாகப் படிக்கப் புறப்பட்டபோது உம் வீட்டைத் திறந்தீர், செலவுக்குத் தந்தீர், எல்லாவற்றுக்கும் மேலாக உம் மனத்தையும் தந்தீர், தந்தையை இழந்தபோது நட்பால் தேற்றினீர் என்று அகுஸ்தினார் பின்னாளில் அவருக்கு ஒரு நூலையே காணிக்கையாக்கி நன்றி சொன்னார். ரோமானியானுசின் மகன் லிசென்சியுசுக்கு ஆசிரியராகவும் இருந்தார். நம் புனித வின்சென்ட் தே பவுல் சபையினர் ஆண்டுதோறும் சில பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டுகிறார்கள். அவர்களிடம் நாம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம்: காசோலையைக் கொடுத்த பின்னும் அந்தப் பிள்ளையை ஆண்டில் இரண்டு முறையாவது போய்ப் பாருங்கள். ரோமானியானுசை அகுஸ்தினார் நினைவு வைத்திருந்தது பணத்துக்காக மட்டும் அல்ல.

பத்ரீசியுசின் கனவு பலித்தது. 384ஆம் ஆண்டு அகுஸ்தினார் மிலான் நகரில் பேச்சுக்கலைப் பேராசிரியராக அமர்ந்தார். பேரரசரின் அவை இருந்த நகரம் அது. தகாஸ்தேயின் வரி வசூல்காரர் மகனுக்கு இதைவிட உயர்ந்த இடம் இல்லை. அதைப் பார்க்கத் தந்தை இல்லை. இரண்டே ஆண்டுகளில் மகன் அந்தப் பதவியை விட்டுவிட்டார். 386ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், மனமாற்றத்துக்குப் பிறகு, திருமுழுக்குக்குத் தயாரிப்பாக, கசிசியாக்கும் என்ற இடத்தில் நண்பர் ஒருவரின் பண்ணை வீட்டில் போய்த் தங்கினார். உடன் சில மாணவர்கள், சகோதரர் நவீஜியுஸ், மகன் அதெயோதாத்துஸ், தாய் மோனிக்கா.

கல்வியைப் பற்றிப் பேசும்போது நமக்கு மிகவும் பிடித்த இடம் இந்தப் பண்ணை வீடுதான். அங்கே நடந்த உரையாடல்களை எழுத்தர்கள் உடனுக்குடன் எழுதிக்கொண்டார்கள். அவற்றிலிருந்து நூல்கள் பிறந்தன. ஒன்றில், அறிஞர்கள் வாதத்தில் மூழ்கியிருக்கும்போது மோனிக்கா வந்து சாப்பிட வாருங்கள் என்று அவர்களைப் பிடித்துத் தள்ளாத குறையாக அழைக்கிறார், பேச இடமில்லாமல் போகிறது. பேராசிரியர் மகன் அதையும் நீக்காமல் நூலில் விட்டிருக்கிறார்.

நவம்பர் 13, அகுஸ்தினாரின் பிறந்த நாள். அன்று விருந்துக்குப் பதிலாக ஓர் உரையாடலைத் தொடங்கினார், மகிழ்ச்சியான வாழ்வு எது என்று. மூன்று நாள் நடந்தது. இலக்கணப் பள்ளியை எட்டிப் பார்க்காத இரண்டு உறவினர்களையும் அதில் உட்கார வைத்தார். அவர்களின் இயல்பறிவு தமக்குத் தேவை என்றார். விரும்பியது கிடைத்தால் ஒருவர் மகிழ்ச்சியடைந்தவரா என்ற கேள்வி வந்தது. மோனிக்கா குறுக்கிட்டார். நல்லதை விரும்பி அது கிடைத்தால் மகிழ்ச்சிதான். தீயதை விரும்பினால், கிடைத்தாலும் அவன் பரிதாபத்துக்குரியவன் என்றார். அகுஸ்தினார் சிரித்து, மகிழ்ந்து, அம்மா, நீங்கள் தத்துவத்தின் கோட்டையையே பிடித்துவிட்டீர்கள் என்றார். சிசரோ இதையேதான் எழுதியிருக்கிறார் என்று காட்டினார். அருகில் இருந்தவர்களுக்குப் பெரிய அறிஞர் ஒருவர் தங்களோடு உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றியதாம்.

தழும்பைக் கண்டு சிரித்த அதே வீடு. இந்தச் சிரிப்பு எவ்வளவு வேறு!

அதே உரையாடலில், இறைவனைக் கொண்டிருப்பவர் யார் என்று கேட்டார்கள். நல்வாழ்வு வாழ்பவர் என்றார் லிசென்சியுஸ். இறைவன் விரும்புவதைச் செய்பவர் என்றார் மற்றொரு மாணவர். கூட்டத்திலேயே சிறியவனான அதெயோதாத்துஸ், தூய்மையற்ற ஆவி எவரிடம் இல்லையோ அவர் என்றான். மோனிக்கா எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார், பேரன் சொன்னதை மிகவும் ஏற்றுக்கொண்டார் என்று அகுஸ்தினார் எழுதுகிறார். திமொத்தேயுவின் நம்பிக்கையைப் பாராட்டும்போது புனித பவுல் பாட்டி லோயியையும் தாய் யூனிக்கியையும் பெயர் சொல்லி நினைவுகூர்வது நமக்குத் தெரியும். இங்கேயும் பாட்டியின் தலையசைப்பு பதிவாகியிருக்கிறது.

மற்றொரு நாள் மோனிக்கா உள்ளே வந்து, உரையாடல் எதுவரை வந்திருக்கிறது என்று கேட்டார். அவர் வந்ததையும் கேட்டதையும் எழுதிக்கொள்ளச் சொன்னார் அகுஸ்தினார். தாய்க்குக் கூச்சம். நீங்கள் படிக்கும் நூல்களில் இப்படிப் பெண்களைக் கொண்டுவந்து பேச வைத்ததாக எங்காவது கேள்விப்பட்டிருக்கிறோமா என்றார். ஆணவக்காரர்கள் என்ன நினைத்தால் என்ன, முற்காலத்திலும் பெண்கள் தத்துவம் பேசியிருக்கிறார்கள், உங்கள் தத்துவம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது என்றார் மகன்.

"நமக்கு என்ன சாமி தெரியும், படிச்சவுங்க பேசட்டும்." பள்ளிக் கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்காரும் தாய்மார் சொல்வது இது. கூலியை ஒரு நாள் இழந்து வந்திருப்பார்கள். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டுவிட்டு எழுந்து போவார்கள். மேற்சொன்ன அதே கல்வி உரிமைச் சட்டம் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு வேண்டும், அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. திருச்சபையோ அதற்கு வெகு முன்பே, 1965 அக்டோபர் 28 அன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில், பிள்ளைகளின் முதல் ஆசிரியர்கள் பெற்றோரே, அந்த இடத்தை வேறு எவராலும் எளிதில் நிரப்ப முடியாது என்று கூறிவிட்டது. சட்டமும் சங்கமும் நாற்காலி போட்டுவிட்டன. பள்ளிக்கூட நிர்வாகத்தில் இருக்கும் குருக்களும் அருள்சகோதரிகளும் அந்தத் தாய் வாய் திறக்கும் வரை காத்திருக்கப் பழக வேண்டும். நம்மையும் சேர்த்தே சொல்கிறோம்.

மகன் அதெயோதாத்துசைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. திருமணம் இல்லாத உறவில் கார்த்தேஜில் பிறந்தவன் அவன். பெயருக்கு இறைவன் தந்தவன் என்று பொருள். 387ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவில் மிலான் ஆயர் அம்புரோசியாரின் கையால் தந்தையும் மகனும் சேர்ந்து திருமுழுக்குப் பெற்றார்கள். அதே ஆண்டு, ஊர் திரும்பும் வழியில், ஒஸ்தியா துறைமுகத்தில் மோனிக்கா 56 வயதில் இறந்தார். பிறகு தகாஸ்தேயில், பழைய வீட்டில், தந்தையும் மகனும் உட்கார்ந்து பேசியது ஒரு நூலாயிற்று. ஆசிரியர் என்பவர் யார் என்பதுதான் பொருள். மகனுக்கு அப்போது பதினாறு வயது. தந்தை பணத்துக்கு அலைய, தாம் தெருவில் சுற்றிய அதே பதினாறு.

அந்த நூல் எளிதானதல்ல. சொற்கள் என்ன செய்கின்றன, ஒரு சொல்லைக் கேட்டு நாம் உண்மையில் எதையாவது கற்கிறோமா என்று நுணுக்கமாகப் போகும். மகன் எதிர்த்துக் கேட்கிறான், தவறாகச் சொல்கிறான், திருத்திக்கொள்கிறான். இடையில் தந்தை நிறுத்தி, இதுவரை பேசியதைத் தொகுத்துச் சொல் என்கிறார், மகன் தொகுக்கிறான். கடைசியில் அகுஸ்தினார் ஒன்று கேட்கிறார்: ஆசிரியர் என்ன நினைக்கிறார் என்று கற்றுக்கொள்வதற்காக மகனைப் பள்ளிக்கு அனுப்பும் மடத்தந்தை உண்டா? ஆசிரியர் சொன்னதை உள்ளே இருக்கும் உண்மையோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் பிள்ளை கற்கிறது, அந்த உள்ளார்ந்த ஆசிரியர் கிறிஸ்துவே என்று முடிக்கிறார். வெளியே நிற்கும் ஆசிரியரும் பெற்றோரும் அந்த வேலையை எழுப்பிவிடலாம், அவ்வளவே.

அதெயோதாத்துஸ் நெடுநாள் வாழவில்லை. சில காலத்திலேயே, இளைஞனாகவே இறந்தான். தம் நூலின் ஒன்பதாம் பகுதியில் அவனைப் பற்றி எழுதும்போது, அந்த உரையாடல் நூலில் மகன் சொல்வதாக வருகிற கருத்துகள் எல்லாம் உண்மையில் அவனுடையவையே என்று இறைவனைச் சாட்சியாக்கிச் சொல்கிறார். அவனுடைய அறிவைக் கண்டு தமக்கு ஒருவித அச்சமே உண்டானது என்கிறார்.

அதே ஒன்பதாம் பகுதியின் கடைசிப் பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. தாயின் பெயரை அந்த நூல் முழுவதிலும் அவர் எழுதுவது அந்த ஓர் இடத்தில்தான். இதை வாசிக்கும் இறை ஊழியர்கள் உம் பீடத்தின் முன் மோனிக்காவையும், அவருடைய கணவராயிருந்த பத்ரீசியுசையும் நினைத்துக்கொள்ளட்டும் என்று கேட்கிறார். தந்தை இறந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு எழுதிய வேண்டுகோள் அது.

வரும் ஆகஸ்டு 27 மாலைத் திருப்பலியில் மோனிக்காவோடு பத்ரீசியுசின் பெயரையும் கருத்தில் சேர்த்து வாசிக்கிறோம். தந்தையர் வேலை முடிந்து வர வசதியாகத் திருப்பலி மாலை 7 மணிக்கு வைத்திருக்கிறோம்.